வீட்டுக் கோழிகளுக்குப் பாதுகாப்பான வலையடைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக் கோழிகள் வளர்த்து வருகிறேன். நான் கட்டிய முதல் அடைப்பில் ஒரே இரவில் ஏழு கோழிகளை நாய்களுக்குப் பறிகொடுத்தேன். அதை இடித்துச் சரியாகக் கட்டிய பிறகு, உறவினர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் தங்கள் வீட்டில் கட்டும்போது என்னை அழைக்கத் தொடங்கினார்கள். போகும் இடமெல்லாம் ஏறத்தாழ அதே ஐயங்கள்தாம் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பக்கம் முழுவதும் "அடைப்பு" என்பது கோழிகள் பகலில் உலவுகிற, வலை கட்டிய வெளியையும், "கூடு" என்பது இரவில் அவை அடைகிற மூடிய அறையையும் குறிக்கும்.

காலங்காலமாகக் கோழியை அவிழ்த்துவிட்டுத்தானே வளர்த்தோம், இப்போது மட்டும் எதற்கு அடைப்பு?

அன்று கோழி தனியாக மேயவில்லை. வாசலில் நெல் காய வைத்தவர்கள், திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், கொல்லையில் மாடு கட்டியவர்கள் என்று யாராவது ஒருவர் பகல் முழுவதும் கண்பார்வையில் இருந்தார்கள். பருந்தின் நிழல் விழுந்தால் குரல் கொடுக்க ஆள் இருந்தது, பொழுது சாய்ந்தால் பஞ்சாரத்தை, அதாவது கோழியை மூடும் கூடையை, கவிழ்க்க ஒரு கை இருந்தது. இன்று பல வீடுகள் காலை எட்டு மணிக்குப் பூட்டினால் மாலை ஆறு மணிக்குத்தான் திறக்கின்றன. தெருநாய்களும் கூட்டமாகத் திரிகின்றன.

இன்னொரு காரணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பக்கத்து வயலில் தெளித்த குருணை மருந்தையோ, எலிக்கு வைத்த நச்சுத் தானியத்தையோ கொத்திய கோழி வீடு திரும்பி, இரைப்பை நிறைந்தபடியே செத்துக் கிடக்கும். அதை நோய் என்று நினைத்துக்கொண்டு மற்றக் கோழிகளுக்கு மருந்து கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில், குறிப்பாக மாலையில் ஒரு மணி நேரம், கோழியைத் திறந்து விடுவது நல்லதுதான். புல்லும் பூச்சியும் கிடைக்கும். ஆள் இல்லாத மீதி நேரத்துக்குத்தான் அடைப்பு.

எத்தனை கோழிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

அடைப்பில் ஒரு கோழிக்கு 10 சதுர அடி, கூட்டில் ஒரு கோழிக்கு 2 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கோழிகளுக்கு 10 அடிக்கு 20 அடி அடைப்பும், 5 அடிக்கு 8 அடி கூடும் வேண்டும். இதற்குக் குறைந்தால் முதலில் தரை கெடும். எச்சம் காய்வதற்குள் அடுத்த எச்சம் விழும். பிறகு ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். வால் அடியில் இறகு உதிர்ந்து தோல் சிவந்து தெரிந்தால் நெருக்கடி முற்றிவிட்டது என்று பொருள்.

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். பெருவிடை அல்லது அசில் எனும் பெரிய நாட்டினச் சேவல்கள் இரண்டை ஒரே அடைப்பில் விட்டால் எவ்வளவு இடம் இருந்தாலும் சண்டை ஓயாது.

கொல்லையில் எந்த இடத்தில் கட்டுவது நல்லது?

மழை பெய்து முடிந்த அரை மணி நேரத்தில் குடை பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் நிற்காத இடம் தானாகத் தெரியும், அதுதான் இடம். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் இடமாக இருந்தால், கோழிகள் திடீரென்று கூச்சலிடும்போது எழுந்து போகாமலே என்னவென்று பார்க்கலாம்.

விறகு அடுக்கு, வைக்கோல் போர், செங்கல் குவியல் ஆகியவற்றிலிருந்து குறைந்தது பத்தடியாவது தள்ளிக் கட்டுங்கள். எலியும் பாம்பும் கீரியும் பகலில் ஒதுங்குவது அங்கேதான். மரநிழல் வேண்டும், ஆனால் கிளை அடைப்பின் மேல் கவிந்திருக்கக் கூடாது, ஏனென்றால் மரநாய்க்கு அதுவே படிக்கட்டு. அரளிச் செடி இருந்தால் அடைப்புக்கு எட்டாத தூரத்துக்கு அகற்றிவிடுங்கள். அதன் இலை முதல் வேர் வரை நஞ்சு.

கடையில் "கோழிவலை" என்றே பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள். அதை வாங்கினால் போதாதா?

நானும் அந்தப் பெயரை நம்பித்தான் வாங்கினேன். அறுகோணக் கண்கள் கொண்ட, மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னிய அந்த வலை, கோழியை உள்ளே நிறுத்தும். நாயை வெளியே நிறுத்தாது. இரண்டு மழைக்காலம் கடந்தபோது மண்ணைத் தொட்ட அடிவரிசை துருவேறிப் பழுப்பாகியிருந்தது. அதை நான் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்த்திகை மாதத்து இரவொன்றில் இரண்டு நாய்கள் அந்த வரிசையைப் பல்லால் கவ்வி இழுத்திருக்கின்றன. பழைய துணி கிழிவதைப் போல முழங்கால் உயரத்துக்குக் கிழிந்திருந்தது. ஏழு கோழிகளில் ஒன்றைக்கூட அவை தின்னவில்லை.

அடிப்பகுதி நான்கு அடிக்கு, அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை, வாங்குங்கள். கம்பியின் தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை மறக்க வேண்டாம். 16 கேஜ் கம்பி ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.7 மில்லிமீட்டர். நாய்த் தொல்லை உள்ள இடத்தில் 18 கேஜுக்கு மெலிந்ததை வாங்கவே கூடாது. நான்கு அடிக்கு மேல் உள்ள பகுதிக்கு ஓரங்குல வெல்டு மெஷ் அல்லது கம்பியைக் கோத்துப் பின்னிய செயின்லிங்க் வலை போதும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். சுருளின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு முனைக் கம்பியை இடுக்கியால் பிடித்து இரண்டு முறை முறுக்குங்கள். பற்றவைத்த இடம் விட்டுக்கொண்டு கம்பி தனியே கையோடு வந்தால் அந்தச் சுருள் வேண்டாம். பற்றவைத்த புள்ளியில் துத்தநாகப் பூச்சு மூடியிருக்கிறதா, கருகிய நிறம் தெரிகிறதா என்றும் பாருங்கள். கருகிய புள்ளிகளிலிருந்துதான் துரு தொடங்கும்.

வலைக்கண் அரை அங்குலம் என்றால் பாம்பு வரவே வராதா?

முட்டை குடிக்கிற அளவுள்ள சாரையோ, குஞ்சை விழுங்குகிற அளவுள்ள நல்ல பாம்போ அரை அங்குலக் கண்ணில் நுழைய முடியாது. அப்போதுதான் பொரித்த பாம்புக் குட்டி நுழையலாம். அது கோழியை ஒன்றும் செய்வதற்கில்லை, ஆனால் நச்சுப் பாம்பின் குட்டியானால் உங்களுக்கு ஆபத்து. ஆகவே முட்டை எடுக்கும் முன் முட்டைப் பெட்டிக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் பாம்பு கோழியைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. எலி, சிந்திய தீவனத்தைத் தேடி வருகிறது. மாலையில் தீவனத் தட்டை எடுத்து மூடியுள்ள டின்னில் வைத்துவிட்டால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். என் அனுபவத்தில் வலைக்குச் செலவு செய்த பணத்தைவிட இந்த ஒரு பழக்கமே பாம்பு வரவை அதிகம் குறைத்தது.

பாம்புக்குப் பயந்து தரையோரமாக நைலான் வலையோ பழைய மீன்வலையோ கட்டாதீர்கள். பாம்பு அதில் பாதி நுழைந்து, செதில்கள் சிக்கி, முன்னும் பின்னும் போக முடியாமல் தோல் அறுபட்டுத் துடிக்கும். அந்த நிலையில் அதை விடுவிக்கப் போவது உயிரோடு விளையாடுவதாகும். தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும்.

வலையை மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் புதைக்க வேண்டும்?

ஒன்றரை அடி ஆழம் புதைப்பது ஒரு முறை. எங்கள் பக்கத்துச் செம்புறை மண்ணில் ஒன்றரை அடி வாய்க்கால் தோண்டக் கடப்பாரை தேய்ந்துவிடும்; அதோடு, புதைத்த வலை கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடித்து, ஒருநாள் இல்லாமலே போயிருக்கும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இரண்டாவது முறை: வலையைத் தரைமட்டத்தில் மடித்து, ஒன்றரை அடி அகலத்துக்கு வெளிப்புறமாகத் தரையில் படுக்க விரிப்பது.

நாயானாலும் கீரியானாலும் வேலி தரையைத் தொடும் கோட்டிலேயே மூக்கை வைத்துத் தோண்டும். நகம் வலையில் பட்டதும் ஓரடி நகர்ந்து மறுபடியும் அதே கோட்டில் முயலும். ஒன்றரை அடி பின்னால் சென்று அங்கிருந்து சுரங்கம் போட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. விரித்த வலையை இரண்டடிக்கு ஒன்றாக, எட்டு அங்குல நீளமுள்ள, ப வடிவில் வளைத்த கம்பியால் தரையோடு அறைந்து, மேலே கொஞ்சம் மண்ணும் கல்லும் போடுங்கள். ஒரு மழை கடந்தால் புல் கண்களுக்குள் முளைத்து வலையைத் தரையோடு தைத்துவிடும். மூலைகளில் இரண்டு விரிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். பெருச்சாளி வளை தோண்டி நுழைவது மூலை இடைவெளியில்தான்.

20 கோழி அடைப்புக்கு என்னென்ன, எவ்வளவு வாங்க வேண்டும்?

10 அடிக்கு 20 அடி அடைப்பின் சுற்றளவு 60 அடி. அடிப்பகுதி நான்கு அடிக்கு அரை அங்குல வலை 240 சதுர அடி, வெளியே விரிக்க மூலைகளையும் சேர்த்து ஏறத்தாழ 100 சதுர அடி, ஆக 340 சதுர அடி. மேல்பகுதி மூன்றடிக்கு 180 சதுர அடி. மொத்த உயரம் ஏழு அடி. நிமிர்ந்து நின்று கூட்ட முடியாத அடைப்பை எவரும் நாள்தோறும் கூட்ட மாட்டார்கள். 20 அடிப் பக்கத்தை மூன்றாகவும் 10 அடிப் பக்கத்தை இரண்டாகவும் பிரித்தால் 10 தூண்கள் வரும். கதவுக்கென்று ஒன்று கூடுதலாக, 11. கூரைப் பொருள்களைப் பற்றித் தனியே கீழே சொல்கிறேன். சுருளின் அகலமும் நீளமும் கடைக்குக் கடை மாறுவதால், வலையின் அகலத்தைப் பார்த்த பிறகே உயரத்தை முடிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டிய இடம் எதுவானாலும் அது பலவீனமான இடமே.

வெட்டும்போது தெறிக்கிற கம்பித் துண்டுகளைக் கட்டாயம் பொறுக்க வேண்டும். பளபளப்பான சிறு துண்டு எதுவாயினும் கோழி கொத்தி விழுங்கும். அது இரைப்பையைக் குத்தும், துத்தநாகம் கரைந்து நஞ்சாகவும் ஆகும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெங்கும் இழுத்துப் பாருங்கள். கையால் பொறுக்கி முடித்த பிறகும் ஒரு கைப்பிடி ஒட்டிக்கொண்டு வரும்.

சவுக்குக் கம்பு நட்டால் போதுமா, கல்தூண்தான் வேண்டுமா?

சவுக்கு மலிவு, ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பகுதியைக் கரையான் அரித்துவிடும். கல்தூண் ஒருமுறை நட்டால் உங்கள் காலம் முழுவதும் நிற்கும். வலையைக் கட்டுவதற்குத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இடம் மாற்ற நேரிடலாம் என்று தோன்றினால் இரும்புக் குழாயை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் இட்டு நடலாம். எதுவானாலும் வலையைத் தூணுக்கு வெளிப்புறம் கட்டுங்கள். நாய் மோதும்போது தூணே வலையைத் தாங்கும். உட்புறம் கட்டினால் கட்டுக்கம்பி மட்டுமே தாங்க வேண்டியிருக்கும்.

மேலே மூடித்தான் ஆக வேண்டுமா? பருந்து பெரிய கோழியைத் தூக்காதே?

பெரிய கோழியைப் பருந்து தூக்காது என்பது சரிதான். ஆனால் குஞ்சைத் தூக்கும். வல்லூறு பாதி வளர்ந்த குஞ்சையும் அடிக்கும். காகம் முட்டையையும் குஞ்சையும் கொண்டு போகும். மரநாயும் காட்டுப் பூனையும் ஏழடி வலையைச் சிரமமின்றி ஏறி இறங்கும். சிறுவிடைக் கோழிக்கே கிளைக்குப் பறக்கும் ஆற்றல் உண்டு. மேலே திறந்திருந்தால் அது வெளியே போய் வேப்ப மரத்தில் அடையும், பிறகு கூட்டுக்குத் திரும்பாது.

மூன்றில் ஒரு பகுதிக்குத் தகரமும் மீதிக்கு வலையும் போடுவது என் வழக்கம். மேலே மட்டும் நைலான் வலை போடலாம்; பாம்பைப் பற்றிச் சொன்ன ஆபத்து அந்த உயரத்தில் குறைவு. இரண்டடிக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டி அதன் மேல் விரித்தால் வலை தொய்யாது. வெயிலில் நைலான் நொறுங்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை விரலால் இழுத்துப் பாருங்கள். நூல் பட்டென்று அறுந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. மரநாய் நடமாட்டம் உறுதியாகத் தெரிந்த இடத்தில் மேற்பகுதிக்கும் கம்பி வலைதான் வேண்டும். தீவனமும் தண்ணீரும் தகரத்தின் கீழேயே இருக்கட்டும். காட்டுப் பறவைகளின் எச்சம் அவற்றில் விழாமல் இருப்பது பறவைக் காய்ச்சல் போன்ற நோய்களுக்கு எதிராக நாம் செய்யக்கூடிய எளிய காப்பு.

சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே கோழி வெந்துவிடாதா?

வெறும் தகரம் என்றால் வெந்துவிடும். கோழிக்கு வியர்வை கிடையாது; வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டை வெளியேற்றுகிறது. தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கயிற்றால் கட்டுங்கள். நண்பகலில் அதன் மேல் ஒரு குடம் தண்ணீர் தெளித்தால் கீழே நின்று பார்க்கிற உங்களுக்கே வேறுபாடு தெரியும். மேற்குப் பக்கம் அகத்தி நட்டால் நிழலுக்கு நிழல், தீவனத்துக்குத் தீவனம். முருங்கையும் நல்ல மரம்தான், ஆனால் காற்றில் கிளை ஒடிந்து வலையின் மேல் விழும், எட்டவே நடுங்கள்.

சிறகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, விடாமல் இளைக்கிற கோழியை உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று, காலைக் குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்துங்கள்.

ஐப்பசி மழையில் அடைப்பு சேறாகிவிடுகிறது. என்ன செய்வது?

கட்டும்போதே தரையை ஓரடி உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. கட்டி முடித்துவிட்டவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, மேல் மண்ணை நான்கு அங்குலம் வாரி எடுத்துத் தென்னைக்குப் போட்டுவிட்டு ஆற்று மணலோ கிராவலோ நிரப்பலாம். ஈரத்தில் நடக்கும் கோழிகளுக்கு, குறிப்பாக இளங்குஞ்சுகளுக்கு, இரத்தக் கழிச்சல் வரும்; எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூரையின் கீழ் ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து, மழை படாமல் ஒரு குழி வைத்திருங்கள். கோழி அதில் புரண்டு குளிக்கும்; செள்ளும் பேனும் குறையும். மழைக்காலத்தில் இந்தக் குழி இல்லாத அடைப்பில் கோழிகள் சொறிந்துகொண்டே இருப்பதைக் காணலாம். புயல் எச்சரிக்கை வந்தால் தகரத்தின் நான்கு மூலைகளையும் தூணோடு கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, கோழிகளைக் கூட்டில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

கதவுக்கு ஒரு கொக்கி போதாதா?

போதாது. ஒற்றைக் கொக்கியில் தொங்கும் கதவை நாய் கீழ்மூலையில் மூக்கால் தள்ளினால் நான்கு விரல் இடைவெளி விழும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தாழ்ப்பாள் வேண்டும். குரங்கு வரும் ஊரானால் சாதாரணத் தாழ்ப்பாளை அது கண்டு கற்றுக்கொள்ளும், பூட்டே போடுங்கள். கதவின் கீழே மண் தேய்ந்து பள்ளமாகும் என்பதால் வாசலில் ஒரு கடப்பைக் கல்லைப் பதித்துவிடுவது நல்லது.

அடைப்பை இவ்வளவு வலுவாகக் கட்டிய பிறகும் இரவில் கூட்டில் அடைக்க வேண்டுமா?

வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது; வலைக்கு வெளியே ஒரு நாய் நின்று குரைத்தாலே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். கூட்டின் சுவர் மறைப்பாக இருக்க வேண்டும். காற்றுக்கு மேலே ஒரு முழ அகலத்துக்கு அரை அங்குல வலை வையுங்கள். சுவருக்கும் கூரைக்கும் இடையே விடுகிற இடைவெளியைப் பலர் மூட மறந்துவிடுகிறார்கள். மரநாய் தலை நுழையும் இடத்தில் உடலையும் நுழைத்துவிடும்.

உட்காரக் கம்பு இரண்டு முதல் மூன்றடி உயரத்தில், ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்ற கணக்கில் இருக்கட்டும். நான்கைந்து பெட்டைகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும். பொழுது மறைந்து கடைசிக் கோழி ஏறிய பிறகு எண்ணிப் பார்த்துச் சாத்துங்கள். எண்ணாமல் சாத்திய இரவில்தான் ஒன்று வெளியே நிற்கும்.

குஞ்சு பொரித்த தாய்க்கோழியை இதே அடைப்பில் விடலாமா?

முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குத் தனியே ஒரு மூலையைத் தடுத்துக் கொடுங்கள். மற்றக் கோழிகள் குஞ்சைக் கொத்தும். பகலில் பஞ்சாரமும் பயன்படும், ஆனால் அதன் இடைவெளியில் பூனை காலை நுழைக்கும் என்பதால் ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும். குஞ்சுக்கான தடுப்பின் அடிப்பகுதிக்குக் கால் அங்குலக் கண் வலை இருந்தால் எலியும் நுழையாது.

காலையில் போய்ப் பார்த்தால் கோழி இல்லை. எந்த விலங்கு வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையை வைத்து எதையும் கலைக்காமல் முதலில் பாருங்கள். பல கோழிகள் குதறப்பட்டு, தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால் நாய். வலை கிழிந்தோ, கீழே மண் பறிக்கப்பட்டோ இருக்கும். வலை கிழியாமல், ஒன்றிரண்டு கோழிகள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்து, சம்பவம் இரவில் நடந்திருந்தால் மரநாயையோ காட்டுப் பூனையையோ ஐயப்பட்டுக் கூரையைப் பாருங்கள். கீரி பெரும்பாலும் பகலில் வரும். நண்பகலில் கோழிகள் கூட்டமாகக் கத்தி, நீங்கள் போய்ப் பார்ப்பதற்குள் ஒன்று குறைந்திருந்தால் அதுவாக இருக்கலாம்.

முட்டை மட்டும் ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு, முழுதாக விழுங்கிவிடும். ஓட்டுச் சில்லுகள் கிடந்தால் எலி, காகம், கீரி ஆகிய மூன்றில் ஒன்று. உடும்பும் முட்டைக்கு வரும். குஞ்சு பகலில் சுவடின்றி மறைந்தால் வானத்தைப் பாருங்கள். இரவில் மறைந்தால் பெருச்சாளி வளையைத் தேடுங்கள். அன்று மாலை அடைப்பைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த மண்ணைத் தூவிவிட்டால் மறுநாள் காலடித்தடம் சொல்லிவிடும். ஒருமுறை ருசி கண்டது மறு இரவும் வரும் என்பதால், கண்டுபிடிக்கும் வரை கூட்டைப் பூட்டியே வைத்திருங்கள்.

கீரிக்கு விஷம் வைக்கலாமா? பொறி வைத்துப் பிடிக்கலாமா?

இரண்டும் கூடாது. கீரி, மரநாய், காட்டுப் பூனை, உடும்பு, சாரை, நல்ல பாம்பு எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், நச்சு வைத்த இரையை உங்கள் கோழியும் பக்கத்து வீட்டு நாயும் தின்னும். ஒரு கீரி போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். ஓட்டை இருக்கும் வரை வரவும் இருக்கும். அதே கீரிதான் உங்கள் கொல்லையின் எலியையும் பாம்பையும் குறைத்துக்கொண்டிருக்கிறது.

வேலியில் கரண்ட் கொடுத்துவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடுமே?

வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்குக் கொடுப்பது கடுமையான குற்றம், அதைவிடக் கொடிய செயல். முட்டை எடுக்க ஓடுகிற குழந்தை, ஈரக் கையோடு வருகிற நீங்கள், வழி தவறிய பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று யார் வேண்டுமானாலும் சாகலாம். சூரிய மின்சக்தியில் இயங்கி, விட்டு விட்டு அதிர்வு தருகிற, அதற்கென்றே செய்த கருவிகள் உண்டு. ஆனால் மேலே சொன்ன வலையும் விரிப்பும் சரியாக இருந்தால் இருபது கோழிக்கு அது தேவைப்படுவதில்லை.

நாய் வளர்த்தால் போதாதா?

குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்த நாய் நல்ல காவல். கினிக்கோழி இரண்டு வைத்தாலும் அயலான் வந்தால் ஊரைக் கூட்டும். இரண்டுமே எச்சரிக்கை மட்டும். எழுந்து வர ஆள் வேண்டும்.

ஒரே இடத்தில் அடைத்தால் நோய் பரவாதா?

பரவும், அதனால்தான் இடக் கணக்கும் உலர்ந்த தரையும். முடிந்தால் அடைப்பை நடுவில் தடுத்து, இரண்டு மூன்று வாரம் ஒரு பாதியில் விட்டு, மறு பாதியை வெயிலில் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே காப்பு. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இதற்கு இலவச முகாம் நடத்துவது வழக்கம், எட்டு வாரம் கடந்த கோழிகளைக் கொண்டு போகலாம். அடைப்பு இருப்பதால் முகாம் நாள் காலையில் கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை என்பது கூடுதல் நன்மை.

கொல்லையே இல்லை, மொட்டை மாடியில் கட்டலாமா?

நான்கைந்து பெட்டைகளுக்குக் கட்டலாம். நாய், பெருச்சாளி, கீரி பற்றிய கவலை குறையும். காகம், பூனை, வெயில் ஆகியவை கூடும். தளத்தின் மேல் ஆறு அங்குலம் மணலோ தேங்காய் நாரோ பரப்பாவிட்டால் கால் புண்ணாகும். சேவல் வேண்டாம், விடியற்காலைக் கூவலுக்கு அண்டை வீட்டார் பொறுப்பதில்லை, முட்டையிடச் சேவல் தேவையுமில்லை.

நீங்கள் சொன்னபடியே கட்டினேன். மூன்று ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை, போன வாரம் ஒன்று போய்விட்டது. எங்கே தவறு?

கட்டியதில் தவறு இருக்காது. மூன்று ஆண்டில் சுற்றுப்புறம் மாறியிருக்கும். முதலில் மரத்தைப் பாருங்கள், கிளை வளர்ந்து அடைப்பின் மேல் வந்திருக்கும். அடுத்து, யாரோ வலையில் சாய்த்து அடுக்கிய மட்டையோ செங்கல்லோ ஏணியாகியிருக்கும். பிறகு கட்டுக்கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பாருங்கள். வலை நன்றாக இருந்தும் அதைத் தூணோடு பிணைத்த மெல்லிய கம்பி துருவேறி அறுந்திருப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். கதவுத்தூண் சாய்ந்து கீழ்மூலை விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கை முட்டி நுழைகிற இடைவெளி எதையும் விடாதீர்கள். அதில் கீரி நுழையும்.

பகலில் எதுவும் புலப்படாவிட்டால் இரவு ஒருவர் கூட்டுக்குள் டார்ச்சோடு நின்று சுவரோரமாகவும் கூரையோரமாகவும் மெதுவாக வெளிச்சம் அடிக்க, இன்னொருவர் வெளியே விளக்கில்லாமல் சுற்றி வரட்டும். சென்ற மாசியில் என் சித்தி வீட்டில் இப்படிப் பார்த்தபோது, முட்டைப் பெட்டிக்குப் பின்னால், பலகை சுருங்கி விலகிய இடத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வெளியே விழுந்தது. அங்கே ஒரு துண்டு வலையை மடித்து ஆணி அடித்தோம்.